பதினேழாம் எண் கேசட்

தட்டச்சு செய்கிறவளுக்கு விரலைவிடக் காதுதான் முக்கியம். பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க வந்த நீங்கள் கையால் எழுதிக்கொள்கிறீர்கள். அதனால் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

பேராசிரியரிடம் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். இந்த வட்டாரத்துப் பெண்களின் வரலாறு என்றால் அவர்தான். நூற்பாலைப் பெண்களின் வேலைநிறுத்தத்தைப் பற்றி, நாற்பத்தொரு பெண்களின் வாய்மொழியை வைத்து எழுதிய புத்தகம்தான் அவரை ஆளாக்கியது. "ஒவ்வொருத்தி அடுப்படியிலயும் உட்கார்ந்து நானே கேட்டேன்" என்று மேடைக்கு மேடை சொல்வார். எந்த அடுப்படியையும் அவர் மிதித்ததில்லை. மாணவிகள் போய்ப் பதிவு செய்து வந்தார்கள். நான் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்தேன். அவர் தாளைப் படித்தார். கேசட் மேல் எண்ணும் பெயரும் எழுதுவது மட்டும் அவர் கை.

பதினேழாவது கேசட் என் அம்மா. எடுத்த எடுப்பிலேயே தன் பெயர், தன் அப்பா பெயர், தான் நின்ற இயந்திரத்தின் எண் எல்லாம் நிதானமாகச் சொல்லியிருந்தாள். அப்படியே தட்டச்சு செய்து கொடுத்தேன். பேராசிரியர் பெயரின் மேல் ஒரு கோடு போட்டு, 'பெயர் தெரியாத பெண்' என்று எழுதினார்.

"அவங்க எங்கம்மா, மேடம். பேர் சொல்லியிருக்காங்களே."

"தெரியும்மா. ஒருத்தியாவது பேரில்லாம இருந்தாத்தான் படிக்கிறவங்க மனசு உருகும். அடுத்த பதிப்புல போட்டுடலாம்."

மற்ற நாற்பது பேருக்கும் பெயர் இருந்தது. ஆலை வாசலில் கல்லில் வெட்டியபோதும் நாற்பது பெயர்தான். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள்.

"இதுல வந்திருக்காடி?"

"அடுத்ததுலம்மா."

"என் பேரு உங்க மேடம் வாயில நுழையல போலிருக்கு" என்று சிரிப்பாள். ஐந்தாம் பதிப்போடு அவள் போய்ச் சேர்ந்தாள். பேராசிரியர் மாலை அனுப்பியிருந்தார். அட்டையில், 'நம் தட்டச்சரின் தாயாருக்கு'.

நான் கோபப்படவில்லை. கோபப்பட்டால் எழுத்துப்பிழை வரும்.

கடைசியாக ஒரு பெரிய புத்தகம் எழுத உட்கார்ந்தார். வேலைநிறுத்தத்தைத் திட்டமிட்டதே ஒரு பெண்தான் என்று நிரூபிக்க வேண்டும், சாட்சிதான் அகப்படவில்லை. நான் கொடுத்தேன். என் சமையலறையில் உட்கார்ந்து, வயதில் கரகரத்துப்போன என் குரலில், அம்மாவாக முக்கால் மணி நேரம் பேசிப் பதிவு செய்தேன். "மேடம், பதினேழை அப்ப பாதி டைப் அடிச்சு விட்டிருக்கேன்" என்று புதுத் தாள்களை நீட்டினேன்.

"இத்தனை நாள் இதை எங்கம்மா வச்சிருந்தே?" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அவர் தப்பிக்க நான் வழி வைத்திருந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவின் கடைசியில் என் சலவை இயந்திரம் துவைத்து முடித்து ஒரு மெட்டு இசைக்கும். முப்பது வருடப் பழைய கேசட்டில், மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய இயந்திரம். ஒரே ஒரு தடவை காதில் மாட்டியிருந்தால் போதும். மாட்டவில்லை.

புத்தகம் வந்தது, விருது வந்தது. மறுவாரம் உங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினேன்: பதினேழைக் கடைசிவரை கேளுங்கள். போலிக் கேசட்டைச் செய்தது தான் இல்லை, அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்று அவர் சொல்லலாம். சொன்னால், 'நானே கேட்டேன்' என்ற மற்ற நாற்பதும் போகும். இரண்டு நாள் தாக்குப்பிடித்தார். மூன்றாம் நாள் சொன்னார்.

கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். ஒன்பதாம் கேசட்காரியின் மகள் என் வீடு தேடி வந்தாள்.

"எங்கம்மா சொன்னதுமா பொய், அக்கா? நீங்கதானே கேட்டு டைப் அடிச்சீங்க?"

"யாரு கண்டா கண்ணு" என்றேன். நாற்பதும் நிஜம். யார் எங்கே இருமினார்கள் என்பதுகூட எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லியிருந்தால் பேராசிரியருக்குப் பாதிப் பழிதான் சேர்ந்திருக்கும். டீ கொடுத்து அனுப்பினேன்.

பேராசிரியருக்கு இப்போது பக்கவாதத்தில் வாய் கோணிவிட்டது. வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். அவர் பேசுவது பெற்ற மகனுக்கே புரியவில்லை. எனக்குக் காது பழக்கம். போன வாரம் என் விரலைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை முயன்றார். அம்மாவின் பெயர்தான். கேட்காதது போலத் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா பேசியது எங்கே என்கிறீர்கள். அதன் மேல்தானே நான் பேசினேன். வேறு பழைய கேசட் இல்லாமல் இல்லை. அவர் கையெழுத்தில், பெயர் போடாதது அது ஒன்றுதான். முன்பு தட்டச்சு செய்த தாளையும் கிழித்துவிட்டேன். புத்தகத்தில் அவள் சொன்னது நாலு வரி இருந்தது; நூலகங்கள் அதையும் திருப்பி அனுப்பிவிட்டன.

எல்லாம் அம்மாவுக்காகத்தான் செய்தேன். அதை மட்டும் அழுத்தி எழுதுங்கள்.

அவள் பெயரா? அந்த இடம் இப்போதைக்குக் காலியாகவே இருக்கட்டும். அடுத்த தாளில் போட்டுக்கொள்ளலாம்.