மாவு நைசு

ஐம்பதுகளில் ஒரு காலை. ஓசூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஊர்ல மாவு மில்லு வந்துடுச்சு. ஆனா மனசுல பாரம்னா மட்டும் ராகியை எடுத்துக்கிட்டு, அரைக்கிற கல்லு வச்சிருக்கிற முனியக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மூத்தவள்.

"ராகி எதுக்குக்கா?"

"கல்லைச் சுத்திக்கிட்டேதான் அவங்ககிட்ட பேசணும். அந்தச் சத்தத்துல நம்ம கஷ்டம் வாசலுக்குக்கூடக் கேக்காது."

"அவங்களே வெளிய சொல்லிட்டா?"

"என் வீட்டுக்காரரு போயி, நான் என்ன பேசினேன்னு கேட்டாரு. 'உன் சம்சாரம் அரைச்ச மாவு நைசு'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் மாமியாரும் அங்கதான் போறாங்க. என்னைப் பத்தி என்ன சொன்னாங்கன்னு நானே போயி கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'உன் மாமியா அரைச்ச மாவும் நைசுதாம்மா'ன்னாங்க."