பிஸ்கட்டின் மேல் போட்ட பழி

பாத்திரம் கழுவும் சோப்பில் நீல நிறத்ததுதான் நன்றாக நுரைக்கும். தண்ணீரில் கலந்து கேஸ் குழாயின் மூட்டுகளில் பீய்ச்சினால் போதும், கசிவு இருந்தால் குமிழி வரும். குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனாவுக்குக் கேரவனில், அதாவது வீட்டு வண்டியில், வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் பார்த்துக் கொடுப்பேன். கல்லூரியைப் பாதியில் விட்டு, அந்த வண்டிகள் நிற்கும் முகாமின் வாசலில் இரவுக் காவல் இருக்கிறவனுக்குப் பகலில் வேறென்ன வேலை.

ராய்ஸ் எனக்குப் பக்கத்து இடம். புத்தம்புதுக் கேரவன், மனைவி மார்லீன், பிஸ்கட் என்றொரு கிழட்டு புல்டாக். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டி முகாமில் நிற்கக் கூடாதென்று ஒரு விதி உண்டு. யாரும் கண்டுகொள்வதில்லை. என் வண்டி என்னைவிடச் சற்றுத்தான் இளையது. எனக்கு வேறு வீடும் கிடையாது. சாயங்காலம் எல்லோரும் நாற்காலி போட்டு பீர் குடிக்கும்போது ராய்ஸ் அந்த விதியைத் தூசி தட்டி எடுத்தார்.

"ஏம்ப்பா டெட்ரிக், உன் தகர டப்பா கேஸ் கசிஞ்சு வெடிச்சா நாங்களும் சேர்ந்து பறக்கணுமா? புது வண்டின்னா இந்தத் தொல்லையே இல்ல பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதக் கடைசிக்குள் வண்டியை எடுக்கும்படி முகாம் முதலாளி சொல்லிவிட்டார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அடுத்த வாரமே மார்லீன் வந்தாள். வெந்நீர் ஹீட்டர் பக்கம் அழுகிய முட்டை நாற்றமாம், கேஸ் அலாரம் வேறு கத்துகிறதாம். சோப்புப் புட்டியோடு போனேன். வண்டிக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் மூடியைத் திறந்து பீய்ச்சினேன். மூட்டில் திராட்சைக் கொத்து மாதிரி குமிழி.

ராய்ஸ் நாற்காலியை விட்டு எழவில்லை. "என்னப்பா, ஏதாவது இருக்கா?"

"புது வண்டியாச்சே சார். என்ன இருக்கப் போகுது?"

பெரிய மனிதர் சொன்னதை நான் மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். நாற்றம் ஹீட்டருக்குள் தேங்கிய தண்ணீரால் என்றேன். எங்கள் கிணற்று நீருக்கு எல்லா வண்டியிலும் அந்த வாடை வரும். அலாரம் தரையோரம் இருக்கிறது, பிஸ்கட் படுப்பதும் அங்கேதான்.

"நாய் காத்து விட்டாக்கூட அது கத்தும் சார்."

இதுவும் நடக்கிற விஷயந்தான். மார்லீன் வெட்கப்பட்டுச் சிரித்தாள். ராய்ஸ் நாயைத் திட்டிக்கொண்டே போய் அலாரத்தின் கம்பியைப் பிடுங்கினார். அவர் கை, அவர் கம்பி. நான் குமிழியைத் துடைத்துவிட்டு மூடியைச் சாத்தினேன்.

மறுநாள் காலை, நாயை நடக்கக் கூட்டிப் போய் வரட்டுமா என்று கேட்டேன். அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. கள்ளிப் புதர்களைத் தாண்டியிருப்போம். மார்லீன் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் துணி துவைக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவளையும் நடக்கக் கூப்பிட்டிருக்கலாம். தோன்றவில்லை.

வெடித்த சத்தத்தில் என் வண்டியின் ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது. மற்றபடி தகர டப்பா அப்படியே நிற்கிறது. நீங்களே போய்ப் பார்க்கலாம்.

நீங்கள் என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள். கொலைகாரன் நாயைக் காப்பாற்றுவானா? எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல், ஒரு பாவமும் அறியாத பிஸ்கட்டின் மேல் பழி போட்டதுதான். அதற்கும் அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.