அரிப்புக் குளிசை

கடற்கரைப் பக்கம் அறை எடுத்தால் காற்றாவது கிடைக்கும் என்றுதான், ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்ததும் வெள்ளவத்தைக்குப் போனோம், நானும் என் கணவர் நாகேந்திரமும். காற்று கிடைத்தது. கக்கூசு மட்டும் மூன்று குடும்பத்துக்கு ஒன்று.

அவருக்குப் பெருங்குடலில் அழற்சி. சீதமும் இரத்தமுமாகப் போகும்; வந்தால் அடக்க முடியாது. வெளியே ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். நான் வாளியோடு நின்று மன்னிப்புக் கேட்பேன். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் எங்களை வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள். கக்கூசுக்குப் போகவிடச் சொல்லி அவர் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கெஞ்சிப் பார்த்தார். விடவில்லை. எல்லாரும் பார்க்க, நின்ற இடத்திலேயே போய்விட்டது. அவர் உடுத்திருந்த சாரத்தைத் துவைத்தவள் நான். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் எனக்கு டைப்பிங் வேலை கிடைத்திருந்தது. அவர் வருத்தத்தால், அந்த வயிற்று நோயால், நான் அடிக்கடி லீவு. "இனி லீவு கேக்கிறதெண்டா வராமலே நில்லுங்கோ" என்றார் மனேஜர்.

அந்தக் கிழமைதான் இறால் சாப்பிட்டு அவருக்கு உடம்பெல்லாம் தடித்தது. பாமசியில் அரிப்புக் குளிசை தந்தார்கள். தடிப்பு அடங்கியது. அதோடு பகல் முழுக்கத் தூங்கினார். வயிறும் பேசாமல் கிடந்தது. கலியாணமான பிறகு அப்படி அமைதியாக நான் ஒருநாளும் வேலைக்குப் போய் வந்ததில்லை.

அவரை வழக்கமாகப் பார்க்கிற டொக்டர் கிளெமென்றிடம் நானே இதைச் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"அரிப்புக்கு எண்டு போட்டது சரி. ஆனா நித்திரை வாற இந்தச் சாதிக் குளிசை குடலின்ர அசைவையும் குறைக்கும். வருத்தம் கூடின நேரம் தொடர்ந்து குடுத்தா குடல் ஊதிப்போகும். உயிருக்கே ஆபத்து. விளங்குதோ?"

"ஓம் டொக்டர்" என்றேன். நன்றாக விளங்கியது.

தடிப்பு மறைந்த பிறகும் காலைத் தேத்தண்ணியோடு கொடுத்து வந்தேன். சத்துக் குளிசை என்றேன். அவர் கேள்வி கேட்கிற மனிதரில்லை. "என்னாலை உமக்கு எவ்வளவு கரைச்சல், நேசம்" என்று சொல்லிக்கொண்டே விழுங்குவார்.

வருத்தம் மறுபடி கூடியது. குளிசையை நானும் கூட்டினேன். ஒரு காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சேரும், கல்லு மாதிரி இருக்கு. டொக்டரிட்டைப் போவமே?" என்றார்.

"பின்னேரம் பாப்பம். இதைப் போட்டிட்டுப் படுங்கோ."

கந்தோரில் அன்று வேலை அதிகம். திரும்பி வந்தபோது அவர் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். அடுத்த அறை ஹமீமாதான் ஓடிப்போய் வாகனம் பிடித்தாள். வெற்றுக் குளிசை உறைகளைப் பார்த்துப் பொலிசுக்கு வந்து உங்களிடம் சொன்னவளும் அவள்தானாம். அவளில் எனக்குக் கோபமில்லை.

ஆஸ்பத்திரியில், "வேறை ஏதும் மருந்து குடுத்தனீங்களோ?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது. கடைசிவரை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப்போல் அவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவரைக் காப்பாற்றி என்னிடமே திருப்பி அனுப்பியிருப்பார்கள், ஐயா.