யாரிடமும் பகிர வேண்டாம்

— வந்துச்சாம்மா?

— இல்ல அத்தை, இன்னும் வரல. ‘அனுப்பு’ன்னு இருக்கே, அத அமுக்கினீங்களா?

— அமுக்கினேனே. ரெண்டு தடவ அமுக்கினேன்.

— ஏன் ரெண்டு தடவ?

— முதல் தடவ அமுக்கினது அதுக்குக் கேட்டுச்சோ இல்லையோன்னு...

— அதுக்கென்ன காது மந்தமா? ரெண்டு தடவ அமுக்கினா ரெண்டு ஓடிபி வரும். கடைசியா வந்ததுதான் செல்லும்... இருங்க, வந்துடுச்சு. பேனா எடுத்துக்கிறீங்களா?

— பேனா எதுக்கு? நீ சொல்லு, நான் அப்படியே அடிக்கிறேன். ஆபீசர் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே அடிச்சு முடிச்ச கை இது.

— சரிங்க டைப்பிஸ்ட் மேடம். நாலு... ஒண்ணு... ஏழு...

— ம்.

— ஒண்ணு... அஞ்சு... எட்டு.

— ஆச்சு... பாத்தியா, சிவப்பு எழுத்துல திட்டுது.

— என்னன்னு?

— தப்பான எண்ணாம். நீ சொன்னதத்தானே அடிச்சேன்? மிஷின் சரியில்ல. வேற அனுப்பச் சொல்லு.

— இருங்க இருங்க. அத்தை... ஒண்ணு எந்த விரலால அடிச்சீங்க?

— இது என்ன கேள்வி? வலது கை மோதிர விரலால.

— அய்யோ! அது ‘எல்’!

— எல்லுதான். சின்ன எல். எங்க டைப்ரைட்டர்ல ஒண்ணுக்குன்னு தனியா கீயே கிடையாது. சம்பளப் பட்டியல் முழுக்க எல்லுலதான் ஓடுச்சு. ஒருத்தருக்கும் ஒரு பைசா குறையல.

— இது டைப்ரைட்டர் இல்லையே! மேல் வரிசையில ரெண்டுக்குப் பக்கத்துல பாருங்க.

— ரெண்டுக்குப் பக்கத்துல... அட, ஆமா. கமுக்கமா உக்காந்திருக்கு.

— அப்ப ஒண்ணு வந்த நாளெல்லாம் ‘மிஷின் சரியில்ல’ன்னு சொன்னீங்களே...

— சிரிக்காத. பக்கத்துல யாராவது கேட்டா என் மானம் போயிடும்.

— பக்கத்துல யாரும் இல்ல. பின்னாடி ரூம்ல இருக்கேன், லென்ஸ் தேய்க்கிற மிஷினும் நானும்தான்... ஒரு நிமிஷம் அத்தை. சார்! அந்தத் தட்டுல வச்சுட்டு உக்காருங்க, வரேன்... ம், சொல்லுங்க.

— கடையில ஆள் வந்தாச்சா? நான் வேணா அப்புறம்...

— இல்ல, இல்ல. கண்ணாடிக் கால் கழண்டுடுச்சாம். திருகாணி போட ரெண்டு நிமிஷம். அவரு பேப்பர் படிச்சிட்டிருக்காரு. நீங்க இன்னொரு தடவ அனுப்புங்க. ஒரே ஒரு தடவ.

— அனுப்பிட்டேன். ஏம்மா, அந்த ஓடிபி வரும்போது உனக்கு என்னன்னு வரும்? வெறும் நம்பர்தானா?

— நம்பர், அப்புறம் கீழ ஒரு வரி. ‘இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்.’

— அப்ப எனக்கு ஏன் சொல்ற?

— நீங்க யாரோவா?

— ...அதான் நானும் யோசிக்கறேன்.

— அத்தை.

— சும்மா சொன்னேன்மா. வந்துச்சா?

— வந்துச்சு. ஒம்பது, ரெண்டு, ரெண்டு, ஆறு, சைபர், மூணு. ஒண்ணு இல்ல, தப்பிச்சீங்க.

— ...உள்ள போயிடுச்சு. வந்துடுச்சு, என் பேரெல்லாம் போட்டு.

— எழுத்து தெரியுதா? சின்னதா இருந்தா கண்ட்ரோல அமுக்கிக்கிட்டு பிளஸ்ஸ தட்டுங்க.

— தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம் இருக்கு. எதிர் வீட்டுக்காரன் அங்கிருந்தே படிச்சிடுவான்.

— படிச்சா படிக்கட்டும். என்ன வந்திருக்கு?

— கரண்ட் பில்லு. செருப்புக் கடைக்காரன், பாதி விலையாம். அப்புறம் ஒருத்தன், ‘அன்புள்ள வாடிக்கையாளரே, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது’...

— தொடாதீங்க! அத ஸ்பாம்ல தள்ளிடுங்க. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?

— தொட மாட்டேன். படிச்சிட்டுத்தான் தள்ளுவேன். ‘அன்புள்ள’ன்னு எழுதறவன் அவன் ஒருத்தன்தான்.

— நான் எழுதலையா?

— நீயா? நீ ‘ஓகே அத்தை’ன்னு ஒரு வரி போடுவ. நான் ஒரு பக்கம் அடிச்சு அனுப்பினா...

— அந்த ஒரு பக்கத்தப் பாத்தா வசன கவிதை மாதிரி இருக்கும் அத்தை. அரை வரிக்கு ஒரு தடவ எண்டர் தட்டியிருப்பீங்க. ‘நேற்று தண்ணீர்’... அடுத்த வரி... ‘வரவில்லை’... அடுத்த வரி... ‘தொட்டி காலி’.

— டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா உருளையத் தள்ளித்தானே ஆகணும்?

— அதுவே தள்ளிக்கும். நீங்க பாட்டுக்கு அடிச்சுட்டே போகலாம்.

— நம்ப முடியாதும்மா. ஓரத்துல போய் முட்டிக்கும்னு கை தானா தட்டுது... சரி. இன்னிக்கு மெயில் பாக்கக் கூப்பிடல.

— பின்ன?

— வேற ஒண்ணு... இந்த நம்பர் இருக்குல்ல, ஓடிபி வர நம்பரு.

— என் நம்பரு.

— ம். அத மாத்தணும்... இருக்கியா?

— இருக்கேன். மிஷின் சத்தம், அணைச்சுட்டேன். சொல்லுங்க.

— சாயங்காலம் என் பையன் வரான். போன வாரம் போன்ல ஏதோ பேச்சுவாக்குல சொல்லிட்டேன், ஓடிபி உனக்குத்தான் வருதுன்னு. ஒரே கத்தல். ‘அவ நம்பர் இன்னும் அதுலயா இருக்கு? அவளுக்கும் நமக்கும் என்ன இருக்கு? எடும்மா முதல்ல’ன்னு.

— ...நியாயம்தானே.

— என்ன நியாயம்?

— அவரு சொல்றதுல என்ன தப்பு? கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு எல்லாம் முடிஞ்சது. இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு. நானே சொல்லியிருக்கணும்.

— அவன் வந்து அவனே மாத்திக்கறேன்னான். வேணாம், நானே மாத்திடறேன்னேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம கொள்ளாம எடுக்க எனக்கு மனசு வரல.

— சொல்லிட்டீங்கல்ல. மாத்திடலாம். அவங்க... புது மருமக, அவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

— நல்ல பொண்ணுதான். என்ன கேட்டாலும் ‘அவர் வந்து பாப்பார் அத்தை’ங்குது. அவர் எப்ப வந்தாரு, எப்ப பாத்தாரு! உனக்குத் தெரியாததா.

— விடுங்க. மேல வலது பக்கம் வட்டமா உங்க பேரோட முதல் எழுத்து இருக்கும், அமுக்குங்க.

— ஆச்சு.

— ‘பாதுகாப்பு’ன்னு வருதா?

— வருது. பூட்டுப் படம் போட்டு.

— அதுக்குள்ள போனா தொலைபேசி எண்ணுன்னு இருக்கும். கடைசி ரெண்டு நம்பர் மட்டும் தெரியும்.

— நட்சத்திரம் நட்சத்திரமா... கடைசியில உன்னோட நாப்பத்தாறு.

— அதேதான். நீங்க ஒரு செல்போன் வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல. உங்க நம்பரையே போட்டிருக்கலாம்.

— எனக்கு இந்த மேசை போன் போதும். எங்க வச்சோம்னு தேட வேணாம். அன்னிக்கு நீதானே உன் நம்பரப் போட்ட? கல்யாணமான புதுசு. அவன் ஆபீஸ் கிளம்பிட்டான். நீ ஈரத் தலையோட வந்து உக்காந்து, ‘அத்தை, உங்களுக்கும் ஒரு மெயில் தொறப்போம்’னு...

— உங்களுக்கு மௌஸ் பிடிக்கத் தெரியாது. தூக்கித் தூக்கி வச்சீங்க.

— நீ என் கை மேல உன் கைய வச்சு நகத்தின.

— ...பென்சில் படம் இருக்கா, பக்கத்துல? அத அமுக்குங்க. பழைய நம்பர அழிச்சுட்டு அவரு நம்பர அடிங்க.

— அவன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லையே.

— எனக்குத் தெரியும்.

— இன்னுமா?

— மறக்கற மாதிரியா கூப்பிட்டிருக்கேன்? அவரு ஒரு தடவையாவது எடுத்திருந்தாதானே மறக்கும். சொல்றேன், அடிங்க.

— அவசரப்படுத்தாதம்மா... கண்ணாடி மங்கலா இருக்கு.

— பவர் மாறியிருக்கும். எப்ப டெஸ்ட் பண்ணீங்க?

— நீ பண்ணதுதான் கடைசி.

— அதுக்கப்புறம் பண்ணவே இல்லையா? அத்தை! அவருகிட்ட சொல்லி ஒரு நல்ல கடைக்குப் போங்க.

— நல்ல கடைக்குப் போறேன். நீ நம்பரச் சொல்லு.

— சொல்றேன்... ஒம்பது, எட்டு, நாலு...

— ம்.

— ஏழு, ஏழு, சைபர்...

— ம்.

— மிச்சம்... அஞ்சு, மூணு, எட்டு, ரெண்டு. ஆச்சா?

— ஆச்சு. ‘இந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம்’ங்குது.

— அது அவரு போனுக்குப் போயிருக்கும். அவரக் கேட்டு, அத அடிச்சா முடிஞ்சது. என் நம்பர் போயிடும்.

— அவனக் கேக்கறதுன்னா... உன்ன வச்சுட்டுத்தானே கேக்கணும்?

— ஆமா. ஒரே போன்தானே.

— அவன் எடுக்க மாட்டான். மீட்டிங்ல இருப்பான்.

— அடிச்சுப் பாருங்க. உங்களுக்கு எடுத்தாலும் எடுப்பாரு.

— வைக்கவா?

— ம்.

— வச்சா... அப்புறம் உன்ன எதுக்காகக் கூப்பிடறது?

— ஏதாவது தெரியலைன்னா...

— எல்லாத்தையும்தான் நீ சொல்லிக் கொடுத்துட்டியே. ஸ்பாமு, கண்ட்ரோலு, தேடறது, அழிச்சதத் திரும்ப எடுக்கறது. இன்னிக்கு ஒண்ணு எங்க இருக்குன்னும் சொல்லிட்ட. எனக்குத் தெரியாதது இனிமே ஒண்ணும் இல்ல.

— சும்மா கூப்பிடுங்களேன்.

— சும்மா கூப்பிட நீ எனக்கு யாருடி? மருமகளா? மகளா? பக்கத்து வீட்டுக்காரியா? அவன் கேட்டா என்ன சொல்லுவேன்? ஓடிபின்னா ஒரு காரணம் இருந்துச்சு. ‘நம்பர் அவகிட்ட இருக்கு, நான் என்ன பண்ணட்டும்’னு சொல்லலாம். சரி. உனக்கும் வேலை இருக்கும். அந்த ஆளு திருகாணிக்குக் காத்திருக்கான். வைக்கறேன்மா.

— அத்தை, இருங்க.

— சொல்லு.

— வைக்காதீங்க. அவரக் கூப்பிட வேணாம். அந்தப் பக்கத்த அப்படியே மூடிடுங்க.

— மூடினா?

— நம்பர் மாறாது, பழையபடியே இருக்கும்... நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க திட்டுவீங்க.

— மூடிட்டேன். சொல்லு.

— ஓடிபி அடிக்கிற இடத்துக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் இருக்கும். ‘இந்தக் கம்ப்யூட்டரில் மறுபடியும் கேட்காதே’ன்னு. அதுல ஒரு டிக் இருந்தா போதும்.

— போதும்னா?

— அப்புறம் ஓடிபி கேக்கவே கேக்காது. நேரா உள்ள போயிடலாம். என் நம்பரும் வேணாம், அவரு நம்பரும் வேணாம். அவரு வந்து பாத்தாலும், ‘எதுவும் கேக்கறதில்லப்பா’ன்னு காட்டிடலாம். முதல் நாளே எனக்குத் தெரியும் அத்தை. நான் சொல்லல. நீங்க பாவம், ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து போன் போட்டு, எண்ணக் கேட்டு, தப்பா அடிச்சு... எல்லாம் என்னாலதான்.

— ஏன் சொல்லல?

— சொன்னா நீங்க கூப்பிட மாட்டீங்கல்ல... வேற யாரு என்னக் கூப்பிடறா? கடைக்கு வர போனெல்லாம் ‘கண்ணாடி ரெடியா’ன்னுதான். ரூமுக்குப் போனா, சில ஞாயித்துக்கிழமை வாயே திறக்காம படுத்துடறேன். உங்க ஓடிபி வந்தா, ‘டிங்’குனு அந்தச் சத்தம்... அடுத்த நிமிஷம் நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரியும். கையத் துடைச்சுட்டுப் போனப் பிடிச்சுட்டு நிப்பேன். எனக்குன்னு ஒருத்தரு கூப்பிடறாங்கன்னு இருக்கும். திட்டுங்க அத்தை. இவ்வளவு நாளா ஏமாத்தியிருக்கேன்.

— உன்னத் திட்டினா என்னையும்ல திட்டிக்கணும்... அந்த டிக் விழுந்தேதான் வருதுடி. ஒவ்வொரு தடவையும் நான்தான் அத எடுத்து விட்டுட்டு, உனக்குப் போன் பண்றேன்.