புள்ளியின் கடைசிக் குட்டி

“ஹலோ... ஹலோ, டாக்டரம்மாவா?... ஓ, அண்ணாவா... இல்லண்ணா, வேற போனுக்காகக் காத்துட்டிருந்தேன்... ஆமா, ஆமா, வீட்லதான் இருக்கேன். அண்ணா, இப்ப பேச முடியாது, அப்புறமா... நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்...”

கேட்கிற ரகம் இல்லை அண்ணன். பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்கத்தான் நிறுத்துவான். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். மடித்துப் போட்ட துண்டின் மேல் அவளுடைய நாய் புள்ளி கிடந்தது. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, அதில் பாதி வயிறு. கடல் கடந்து வந்த சிறிய இனம். ஊரில் இன்னொன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். காலையில் ஒரு குட்டியைப் போட்டது. அது பக்கத்தில் செருப்புப் பெட்டிக்குள், வெந்நீர் பாட்டிலை ஒட்டிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது குட்டி பாதி வழியில் மாட்டிக்கொண்டுவிட்டது. புள்ளி முக்கி முக்கிப் பார்த்து, இப்போது முக்குவதற்கும் தெம்பில்லாமல் நாக்கைத் தள்ளிக்கொண்டிருந்தது.

“ஆங்... சொல்லு... விலையா? இப்பவா விலை பேசுற?... அண்ணா, அதான் அன்னைக்கே சொன்னேனே... ஆமா, ஒரு ஸ்கூட்டர் விலைதான். ஆமா, ஒரு நாய்க்குட்டிக்குத்தான்... சிரிக்காதே.”

கீழ்வீட்டுத் தையல்கார அக்கா பஞ்சில் குளுக்கோஸ் தண்ணீரைத் தொட்டு நாயின் ஈறில் தடவிக்கொண்டிருந்தாள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஏறி வந்தவள். கழுத்தில் இன்னும் அளவு நாடா தொங்கியது. போனை வைத்துத் தொலை என்று கையால் சைகை காட்டினாள்.

அவளுக்கு வைக்க மனம் வரவில்லை. காரணம் இருந்தது. கால்நடை மருத்துவமனை நகரத்தின் அந்தக் கோடியில். உடனே தூக்கிக்கொண்டு வா, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வாசலுக்கு வந்த முதல் டாக்ஸிக்காரர் ரத்தம் பட்ட துண்டைப் பார்த்து, சீட்டு பாழாகும் என்று வண்டியைத் திருப்பினார். அடுத்தவர் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. அண்ணனிடம் கார் இருந்தது.

“அண்ணா, நீ இப்ப எங்க இருக்க?... கார்லயா? எந்தப் பக்கம்?... ஐயோ, அப்ப பக்கத்துலதானே! அண்ணா, நேரா இங்க வா. புள்ளிக்குக் குட்டி மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்... ஆமா, இப்பவே... விளையாடலண்ணா... என்ன மீட்டிங்? மீட்டிங் ஓடியா போயிடும்?”

பதிலுக்கு அவன் இழுத்தான். அவன் இழுக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிடும். சின்ன வயதில் மிட்டாயைப் பாதி தருகிறேன் என்று சொல்லிவிட்டு இழுப்பானே, அதே இழுப்பு.

“குட்டி நல்லாத்தான் இருக்கு... ஒண்ணு பிறந்துடுச்சு, பொண்ணு... அண்ணா, நான் தாயைப் பத்திப் பேசுறேன், நீ குட்டியைப் பத்திக் கேக்குற... சரி சரி, உனக்குத்தான் தர்றேன்னு சொன்னேன், இல்லைன்னு சொல்லல... பாதி விலைக்கா?”

அவளுக்குள் ஏதோ அறுந்தது. வரவேற்பு மேசை வேலை போனதிலிருந்து இந்தப் புள்ளிதான் வீட்டு வாடகை. அது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறான்.

“ஏன் இவ்வளவு விலைன்னு போன வாரமெல்லாம் கேட்டியே, இப்ப சொல்றேன் கேட்டுக்கோ. இந்த உடம்புக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு குட்டிதான் தங்கும். அதுவும் தாய் பிழைச்சாத்தான். பிறந்த குட்டி கை சூட்டுலயே கிடக்கணும், கண்ணு அசந்தா விறைச்சுப் போயிடும். நான் ராவெல்லாம் முழிச்சு மடியில வெச்சுக் காப்பாத்துறேன், நீ சொந்தத் தங்கச்சிங்கிற உரிமையில பாதிக்குக் கேக்குற. எதுக்கு? நீ வளக்கவா? உன் மேனேஜர் பொண்ணுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்து பிரமோஷன் வாங்க! நீயேதானே அந்த ஆளை சிடுமூஞ்சின்னு வாய்க்கு வாய்... என்ன? ஏன் இருமுற?... அண்ணா?... யாரு?”

 மறுமுனையில் வேறொரு தொண்டை செருமியது. 

“சார்... சா... வணக்கம் சார். நீங்க... கார்லயா இருக்கீங்க? ஸ்பீக்கர்ல... எல்லாமே கேட்டுச்சா?... மன்னிச்சுக்கோங்க சார், நான்... இல்ல சார், அண்ணன் அப்படியெல்லாம் சொல்ற ஆளில்ல, நான்தான் கோவத்துல வாய்க்கு வந்ததை...”

தையல்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பா பயமா என்று சொல்ல முடியவில்லை. அதே நேரம் புள்ளி ஒரு சத்தம் போட்டது. நாய் போடுகிற சத்தம் இல்லை அது. கதவிடுக்கில் விரல் மாட்டிய குழந்தை போடுகிற சத்தம். பின்னங்கால்கள் வெட்டி இழுத்தன. துண்டில் கரும்பச்சையாக ஏதோ படர்ந்தது.

அவளுக்கு மானம், மரியாதை, அண்ணன் வேலை எல்லாம் மறந்துபோயின.

“சார், திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க. இப்ப காரைத் திருப்பச் சொல்லுங்க... ஆமா சார்... இல்ல சார், பச்சையா வருது, இனி வீட்ல வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது... எடை எவ்வளவா? சார், உங்க ஷூ அளவுகூட இருக்க மாட்டா... ஆமா... ஆமா... என்ன சார்?... திருப்பியாச்சா?”

அவள் துண்டோடு புள்ளியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அண்ணா, கேக்குதா? ரெண்டாவது மாடி. லிஃப்ட் இல்ல, நீ ஏற வேணாம், நான் தூக்கிட்டு இறங்குறேன். ஏசியை நிறுத்திடு, குட்டிக்கு ஆகாது... சீட்டா? துண்டு போட்டுக்கிறேன்... சார் தன்னோட கோட்டை விரிக்கிறேன்கிறாரா? வேணாம்னு சொல்லு... சரி, சரி, விரிக்கட்டும்! ஹார்ன் அடிக்காதே, அவ பயந்துக்குவா... அக்கா, அந்தப் பெட்டியை எடுங்க, மூடாதீங்க, மூச்சு முட்டும்... அண்ணா, இதோ படியில இறங்குறேன், சிக்னல் போயிடும், போயிடு...”

போயிற்று.

*

மருத்துவமனையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர்க் குழாய், சுவரோரமாகக் காலி மருந்துப் பெட்டிகள். பெஞ்சின் ஒரு முனையில் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்புப் பெட்டி மடியில் இருந்தது. தையல்கார அக்கா பெட்டியைக் காரில் கொடுத்ததோடு திரும்பிவிட்டாள்; இவளையும் நாய்களையும் இறக்கிவிட்டு அண்ணனும் மேனேஜரும் மீட்டிங்குக்குப் பறந்துவிட்டார்கள். ஆபரேஷன் அறைக்கதவு மேல் விளக்கு அணைந்து, டாக்டரம்மா வெளியே வந்து பேசிவிட்டுப் போன பிறகும் அவள் அங்கிருந்து எழவில்லை. போன் அடித்தது.

“ஹலோ... ஆமாண்ணா... உயிரோட இருக்கா. இன்னும் மயக்கம் தெளியல... ம்... ரெண்டாவது குட்டி இல்லண்ணா. உள்ளேயே முடிஞ்சு போச்சாம்... ம்... கர்ப்பப்பையையும் எடுத்துட்டாங்க. விட்டா தாயும் தங்கமாட்டான்னு சொன்னாங்க, கையெழுத்துப் போட்டேன்... ஆமா. இனிமே கிடையாது. இதுதான் கடைசி.”

அவள் பெட்டிக்குள் கையை விட்டுக் குட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அழறியா?... சேச்சே, நீ என்ன பண்ணே. தப்பு என்னுது. போன பிரசவத்துலயே போதும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான்தான் இன்னும் ஒரே ஒரு தடவைன்னு... சரி விடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலியே?... ஒண்ணுமே சொல்லலியா? முகத்தைக்கூடச் சுளிக்கலியா? நல்ல மனுஷன்தான்... பக்கத்துல இருக்காரா? என்கிட்டயா?... கொடு.”

அவள் எழுந்து நின்றுகொண்டாள். உட்கார்ந்தபடி பேச வாய் வரவில்லை.

“சார், வணக்கம் சார்... பிழைச்சுட்டா சார், உங்க புண்ணியம். இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா... இல்ல சார், நான் மறக்கவே மாட்டேன்... கோட்டு? அதை நான் சலவைக்குக் கொடுத்து... ஐயோ சார்... சரி சார்.”

பெட்டிக்குள் குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. தாயின் மடியைத் தேடியது அது. அவள் சுண்டுவிரலைக் கொடுத்தாள்.

“குட்டியா?... ஆமா சார், பொண்ணு, நல்லாயிருக்கு... பாதி விலையெல்லாம் வேணாமா? முழு விலையே தர்றீங்களா?... சந்தோஷம் சார்... என்னது?... மேலயும் தர்றீங்களா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாடகை, ஆபரேஷன் செலவு, அடுத்த வேலை கிடைக்கும்வரை அடுப்பு எரிய வேண்டிய நாட்கள், எல்லாவற்றுக்கும் ஒரே வாயில் பதில் வந்துவிட்டது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மேனேஜர் தொடர்ந்து பேசினார்.

“ம்... ம்... வளர்ந்ததும் ஜோடி சேர்த்து... ஆமா சார், ஒரே குட்டியில போட்ட பணம் வந்துடும்தான்... ம், கணக்கு சரிதான் சார்.”

கணக்கு சரிதான். அவளும் அதே கணக்கைத்தான் புள்ளியை வைத்துப் போட்டிருந்தாள்.

“சார், ஒரு விஷயம்... குட்டியை நான் தர்றேன். தாய்ப்பால் மறந்து, தானா சாப்பிடுற வரைக்கும் எங்கிட்டதான் இருக்கும். அதுக்கப்புறம் வயசு வந்ததும் இதே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டு வந்து ஆபரேஷன் பண்ணிடணும். இது குட்டி போடக் கூடாது சார்... ஆமா சார், யோசிச்சுத்தான் சொல்றேன்... அரிய இனம்தான் சார், தெரியும்... இல்ல, வம்சம் அழிஞ்சா அழியட்டும்னு சொல்லல. இவ உடம்பும் அவ அம்மா உடம்பு மாதிரிதான் இருக்கும். இன்னைக்கு அந்தச் சத்தத்தை நான் கேட்டேன் சார். போன்ல நீங்களும் கேட்டீங்க.”

 நிதானமாக, அலுவலகத்தில் பேரம் பேசிப் பழகிய குரலில் அவர் ஏதோ சொன்னார்.

“புரியுது சார்... குட்டி போடாதுன்னா இந்த விலை எதுக்குங்கிறீங்க. நியாயம்தான்... பாதியா?... இல்ல சார். குறைக்க முடியாது. காலையிலிருந்து இந்தக் குட்டிக்கு என்ன விலை கொடுத்திருக்கோம்னு நீங்களே பாத்தீங்க... சார், நீங்க செஞ்ச உதவிக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவ. ஆனா அது வேற, இது வேற. உங்க கோட்டுக்கு நன்றி சொல்றதுக்காக இவளை நான் கொடுத்துட முடியாது... கோவமில்ல சார், சத்தியமா இல்ல... ஆமா... ஆமா... அப்ப வேணாமா?”

 ஒரு நொடி, மன்னிச்சுக்கோங்க சார், எடுத்துக்கோங்க என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது.  அடுத்த மாத வாடகைக்கு யாரிடம் போய் நிற்பது? அண்ணன் முகத்தில் நாளை எப்படி விழிப்பது? குட்டி அவள் சுண்டுவிரலைச் சப்பிக்கொண்டே இருந்தது. இல்லாத பாலுக்கு எவ்வளவு நம்பிக்கை அந்த வாய்க்கு!

“சரி சார். பரவால்ல சார்... இல்ல, வருத்தமெல்லாம் இல்ல. உங்க பொண்ணுக்குத் தெருவுல கிடக்குற ஒரு நல்ல குட்டியைத் தேடிக் கொடுங்க சார், உசுரையே வெச்சிடும்... வேணும்னா நானே தேடித் தர்றேன், அதுக்குக் காசு வேணாம்... அண்ணன்கிட்ட மட்டும் கோவிச்சுக்காதீங்க... ம்... ரொம்ப நன்றி சார்... என்ன சார்? கடைசியா ஒரு தடவை யோசிக்கணுமா? நானா?”

அறைக்கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, வா வா என்று கையை ஆட்டினாள். நர்ஸின் இடுப்பருகே, கதவிடுக்கு வழியாக, மேசை மேல் கட்டுப்போட்ட ஒரு சின்ன வயிறு ஏறி இறங்குவது தெரிந்தது. காதுகள் லேசாக நிமிர்ந்து, யாரையோ தேடுகிற மாதிரி இந்தப் பக்கம் திரும்பின.

“சார், புள்ளி கண்ணு முழிச்சுட்டா. குட்டிக்குப் பசிக்குது. நான் வெச்சுடுறேன்.”