தலைவர் போன செய்தியும் எங்கள் விடாக்கண்டி மேடமும்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, நாளிதழின் செய்தி ஆசிரியர் அவர்களே, மறைந்த எங்கள் மேடத்தின் கணவரே, அவருடைய அன்பு மகளே, வகுப்பை விட்டு வந்திருக்கும் இதழியல் மாணவர்களே, வேலையை விட்டு ஓடி வந்திருக்கும் முன்னாள் மாணவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இத்தனை நிருபர்கள் கைபேசியை அணைத்துவிட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. மேடம் மட்டும் இப்போது இங்கே இருந்தால் சும்மா இருப்பாரா? வரிசை வரிசையாகப் போய், "உங்க ஆபீஸ்ல நம்ம பிள்ளைங்களுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டு முடித்திருப்பார்.

நான் இந்தத் துறையில் செய்தி எழுதக் கற்றுத் தருகிறவன். அவர் துறையின் வேலைவாய்ப்பு அலுவலர். எங்கள் இருவருக்கும் ஒரே அறை, எதிரெதிர் மேசை. மாணவர்களுக்கு நாளிதழிலோ வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பயிற்சிக்கு இடம் வாங்குவது அவர் பொறுப்பு. அவர் பத்திரிகையாளரா? இல்லை. மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். கடைசி நோயாளி எழுந்து போகும்வரை டாக்டர் வீட்டு வாசலில் காத்திருந்து பழகியவருக்கு பத்திரிகை ஆசிரியர்கள் எம்மாத்திரம்? "சார் மீட்டிங்ல இருக்கார்" என்றால், "இருக்கட்டும், முடிச்சிட்டு வரட்டும்" என்று வரவேற்பறையில் சாவகாசமாக உட்கார்ந்துவிடுவார். பத்திரிகை அலுவலகங்கள் அவருக்கு விடாக்கண்டி என்று பெயர் வைத்தன. அதைக் கேட்டு வருத்தப்பட்டாரா? மறுநாளிலிருந்து தொலைபேசியை எடுத்ததும், "விடாக்கண்டி பேசறேன்" என்றே ஆரம்பித்தார்.

மாணவர்களையும் அவர் லேசில் விட்டதில்லை. வேலைக்கு அனுப்பும் தன்விவரக் குறிப்பில் 'கடின உழைப்பாளி' என்று எவராவது எழுதியிருந்தால் நிமிர்ந்து பார்ப்பார். "இதை யாரு சொன்னது? நீயேவா? வேற ஆதாரம் இருக்கா?" என்பார். நான் ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த ஒரே கேள்வியில் முடிந்துவிடும்.

நண்பர்களே, அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவு வருவது ஒரு நாய். சிரிக்க வேண்டாம், சொல்கிறேன்.

எங்கள் மாணவி ஒருத்தி, தையல்கடைக்காரர் மகள், நம் செய்தி ஆசிரியரின் நாளிதழில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு மாலை ஆசிரியர் பகுதிக்குத் தொலைபேசி வந்தது. பேசிய அம்மாள், ஊரே அறிந்த நீச்சல் கோச்சின் பக்கத்து வீட்டுக்காரர். "கோச் வீட்டுத் தலைவர் காலையில போயிட்டாருங்க. பாவம், நல்ல ஆத்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டுத் தலைவர் என்றால் வேறு யார்? இவள் எழுதினாள். துணை ஆசிரியர் பழைய படம் ஒன்றைத் தேடிச் சேர்த்தார். மறுநாள் காலை, 'நீச்சல் பயிற்சியாளர் மறைவு' என்று செய்தி வந்துவிட்டது.

செய்தியைப் படித்துவிட்டு மலர்களோடு போன பழைய மாணவர்கள் என்ன பார்த்தார்கள்? கோச் அரைக்கால் சட்டையோடு நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். போனது அவர் வளர்த்த நாய். அதன் பெயர் தலைவர். தெருவே அதை 'வாங்க, போங்க' என்று மரியாதையாகத்தான் கூப்பிடும்.

இப்போது சிரிக்கிறோம். அன்று எவரும் சிரிக்கவில்லை. செய்தி ஆசிரியர் கொதித்துப்போனார். அந்தப் பெண்ணோடு சேர்த்து அங்கே பயிற்சியில் இருந்த எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். இனி மாணவர் என்ற பேச்சே இந்த அலுவலகத்தில் கூடாது என்றார். விஷயம் காதுக்குக் காது பரவி, வானொலிக்காரர்களும் யோசித்துச் சொல்கிறோம் என்று பின்வாங்கினார்கள். பல வருடம் வாசல் வாசலாக ஏறி இறங்கிச் சேர்த்தது ஒரே நாளில் சரிகிற நிலை.

மேடம் அன்று முதலில் போனது பத்திரிகை அலுவலகத்துக்கு அல்ல, தையல் கடைக்கு. நானும் கூடப் போனேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்த அப்பா, இந்தத் தொழில் நமக்கு ஒத்து வராது, மகள் கடையிலேயே இருக்கட்டும் என்றார். உள்ளே அழுது வீங்கிய முகத்தோடு அவள் பித்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். மேடம் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தானும் நாலு பித்தான் பிரித்துப் போட்டுவிட்டு, "தலைவருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டியா?" என்றார்.

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"அப்போ செய்தி இன்னும் முடியல. கிளம்பு."

கோச் கதவைத் திறந்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நாயை நினைத்து அழக்கூட விடாமல் காலையிலிருந்து ஊர் முழுக்கத் தன்னைத் தொட்டுப் பார்க்கிறது என்று பொரிந்து தள்ளினார். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கதவைச் சாத்தப் போனார். எனக்குக் கால் பின்னுக்கு இழுத்தது. அவளோ நகராமல் மெல்லக் கேட்டாள்:

"சார், தலைவர் உங்ககிட்ட எப்படி வந்தாரு?"

'வந்தாரு' என்றாள், பாருங்கள். அந்த ஒரு மரியாதையில் மனிதர் இளகிவிட்டார். உட்காரச் சொன்னார். குட்டியாக நீச்சல் குளத்து வேலியோரம் கிடந்ததையும், தண்ணீரைக் கண்டு அலறும் பிள்ளைகளுக்கு முன்னால் அது தானே குதித்து நீந்திக் காட்டியதையும், நாயே இறங்குகிறதே என்று வெட்கப்பட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கியதையும் சொன்னார். சொல்லும்போதே அழுதார். அவர் மனைவி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலைவர் போனதிலிருந்து அவர் இப்போதுதான் அழுகிறார் என்றார்.

அவள் எழுதிய திருத்தத்தையும் தலைவரின் கதையையும் கையில் எடுத்துக்கொண்டு, மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு நாளிதழுக்குப் போனார். நம் செய்தி ஆசிரியர் பின்வாசல் வழியாகக் கிளம்பினார். மருந்து விற்றவருக்குப் பின்வாசல் தெரியாதா? அங்கேதான் நின்றிருந்தார். செய்தி ஆசிரியர், ஒரு தொலைபேசி போட்டுச் சரிபார்க்கத் தெரியாத பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்றார். மேடம் குரலை உயர்த்தவில்லை.

"நான் சொன்னா அது பாடம் சார். நீங்க சொன்னாதான் அது தொழில். பரீட்சையில தப்பு பண்ணினா மார்க்கு போகும், அவ்வளவுதான். இங்க தப்பு பண்ணினா ஒரு வீட்டு வாசல்ல போய் நிக்கணும். அவ நின்னுட்டு வந்துட்டா. இனிமே அவளை வீட்டுக்கு அனுப்பினா நஷ்டம் உங்களுக்குத்தான். முதல்ல இதைப் படிங்க."

வாகனம் நிறுத்தும் இடத்தில் நின்றபடியே அவர் படித்தார். பாதியில் சிரித்தார். முடிவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐயா, நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன். மறுநாள், தவறு வந்த அதே இடத்தில், அதே அளவில் திருத்தம் வந்தது. கீழே தலைவரின் கதை, அந்தப் பெண்ணின் பெயரோடு.

எங்கள் பிள்ளைகள் அனைவரும் திரும்பப் போனார்கள். மேடம் அதோடு விட்டாரா? ஒவ்வொரு மாணவருக்கும் பக்கத்திலேயே ஒரு மூத்தவர் இருக்க வேண்டும், எழுதியதை வெட்டினால் ஏன் வெட்டினோம் என்று உட்கார்த்திச் சொல்ல வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார். அந்தத் தையல்கடைக்காரர் மகள்தான் இன்று அதே நாளிதழின் தலைமை நிருபர். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் எல்லோரும் அவர் பொறுப்பில் இருக்கிறார்கள். கோச் ஐயாவும் வந்திருக்கிறார். நீடூழி வாழட்டும்.

இன்னொன்றைச் சொல்ல மேடத்தின் மகள் எனக்கு அனுமதி தந்திருக்கிறார். மருத்துவமனையில் கடைசி நாட்களில் நாடி பார்க்க வந்த டாக்டரிடம் மேடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அந்த டாக்டரின் தங்கை ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று தெரிந்துவிட்டது. பிறகு கேட்க வேண்டுமா? மருந்து மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, "முதல்ல உங்க தங்கச்சிக்கு ஒரு போன் போடுங்க டாக்டர், அப்புறம் விழுங்கறேன்" என்றிருக்கிறார். நம் மாணவர் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. அந்த மாணவர் இந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? படம் திறந்தோம், பேசினோம், போதுமா? போதாது. அவருடைய மேசை காலியாக இருக்காது என்று முதல்வர் முன்னிலையில் உறுதி சொல்கிறேன். வேறொருவர் வரும்வரை அந்த வேலையை நான் பார்ப்பேன். எனக்கு அவரைப் போலப் பேச வராது, கூச்சம் அதிகம். ஆனால் இங்கே இருக்கும் பத்திரிகை ஆசிரியர்களே, உங்கள் ஒவ்வொருவரையும் தேடி வருவேன். முன்னாள் மாணவர்களே, நீங்கள் இருக்கும் இடத்தில் புதிதாக வருகிறவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்கள்.

முதல் நாள் ஒவ்வொரு மாணவரையும் மேடம் தானே கூட்டிக்கொண்டு போய், வாசலில் விட்டு, அவர் உள்ளே மறையும்வரை நின்றுவிட்டுத்தான் திரும்புவார். வானொலிக்குப் போகும் அந்தத் தம்பிக்குத் திங்கட்கிழமை முதல் நாள். தம்பி, சட்டையைத் தேய்த்து வைத்துக்கொள். காலையில் நான் வருகிறேன், சேர்ந்து போவோம்.