செவுத்தோரக் கீரை

– கெங்கா, கத்திய கீய வையி. அத்த அறுக்காத.

– அட இன்னாய்யா, பட்டப்பகல்ல வேலய வுட்டுட்டு இங்க வந்து நின்னுகினு கீற? கம்பெனில தோட்டக்காரனுக்கு இன்னிக்கு லீவா?

– டீ குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு பின்னாடி கேட்டு வயியா சுத்திகினு வந்தேன். அறுக்காதன்னு சொல்றேன்ல.

– தள்ளு. வெயிலு ஏறுனா கண்டி வாடிப்பூடும். சாயங்காலம் தெருவுக்கு எடுத்துகினு போவணும். நீ வந்ததும் வந்த, அந்தக் கூடைய இப்டி நவுத்து.

– கெங்கா, காலீல மூணு பேரு வந்தானுங்க. மூஞ்சில மாஸ்க்கு, கையில முட்டி வரிக்கும் க்ளவுசு. ரோசாப் பாத்தில மண்ணத் தோண்டி டப்பால போட்டு சீலு வெச்சானுங்க. நான் பக்கத்துல வெறுங்கையால களை புடுங்கிகினு கீறேன். ஒர்த்தன் என்னப் பாத்து, "எவ்ளோ நாளா இப்டி வெறுங்கையோட வேல செய்றீங்க?"ன்னு கேட்டான்.

– நீ இன்னா சொன்ன?

– சிரிச்சேன். அவன் சிரிக்கல.

– படிச்சவனுங்க அப்டித்தான். மண்ணப் பாத்தாலே மாஸ்க்கு போட்டுக்குவானுங்க. இதுக்கா ஓடியாந்த?

– அப்பால சூப்ரவைசரு வால்டர் சாரு என்னத் தனியா இட்டுகினு போனாரு. "ஜெயவேலு, வெளிய சொல்லிக்காத"ன்னாரு. கம்பெனி செவுத்துக்கு அடீல போற பைப்பு வெடிச்சு கீதாம். எப்ப வெடிச்சுதுன்னே தெர்லயாம். உள்ளேந்து வர்ற கயிவு தண்ணி முச்சூடும் ஒரே பக்கமா கசிஞ்சிகினு கீதாம்.

– எந்தப் பக்கம்?

– நீ நின்னுகினு கீற பக்கம். அதான் இங்க கோடைல கூட ஈரம் காயல. நாம நம்ம அதிர்ஷ்டம்னு நெனச்சோம்.

– கசிஞ்சா கசியட்டும் போ. நம்ம எண்ணூர்ல எந்தத் தண்ணி சுத்தமா கீது? கால்வாய்ல மீனு செத்து மொதக்குது, அதே தண்ணில எறா புடிச்சு விக்கிறானுங்க. ஜனங்க துன்னுகினு தான கீது? மூச்சு வுடற காத்தே கலீஜு. என் கீரை தான் உன் கண்ணுல பட்டுச்சா?

– இது வேற மே. கலரும் இல்ல, வாடையும் இல்ல. அதான் பேஜாருன்றாரு. கீரை அத்த வேரால இஸ்துக்குமாம். எவ்ளோ கயுவுனாலும் போவாதாம். துன்னவன் ஒடம்புக்குள்ள போயி கம்முனு ஒக்காந்துக்குமாம். கொயந்தைங்களுக்கு ரொம்ப கெடுதலாம்.

– அவரு டாக்டரா? சூப்ரவைசரு தான?

– அவரு மூஞ்சிய நீ பாக்கல. வேர்த்து ஊத்துது அந்த மனுசனுக்கு. "செவுத்தாண்ட யாராச்சும் பயிரு வெச்சு கீறாங்களா?"ன்னு கேட்டாரு.

– நீ?

– இல்லன்னுட்டேன்.

– அது தான்யா புத்தி. நல்ல வேல செஞ்ச.

– நல்ல வேலயா? வாயி தானா சொல்லிட்ச்சு. ஆமான்னா கண்டி அப்டியே கேட்டோட அனுப்பிடுவானுங்க. சொல்லிட்டு நேரா இங்க ஓடியாந்தேன்.

– சொம்மா பொலம்பாத. கேளு நைனா. கம்பெனி குடுக்கற சம்பளத்துல நாம எப்ப நிமிந்தோம்? ஞாயித்துக்கெயம ஆனா ராயபுரத்துல தென்ன மரம் ஏறப் போற. கல்யாண மண்டபத்துல செடித் தொட்டி தூக்கற. நான் ரெண்டு வூட்ல பாத்திரம் தேய்க்கறேன், மிச்ச நேரம் பூ கட்டறேன். அப்பவும் அம்மு ஸ்கூல்ல பீசு கேட்டா கண்டி நாம ரெண்டு பேரும் ஒர்த்தர் மூஞ்ச ஒர்த்தரு பாத்துகினு ஒக்காந்திருந்தோம். இந்தக் கீரை வந்தப்பால தான் நம்ம வூட்ல விடிஞ்சிச்சு.

– எனக்கு தெரியாதா? இந்தப் பாத்திய வெட்டி குட்த்ததே நான் தான? கம்பெனி வெதயத்தான மடீல கட்டிகினு வந்தேன். பொண்டாட்டி நிமிரட்டும்னு பண்ணேன் மே. கொத்து கொத்தா வந்துச்சு. தோட்டக்காரன் கைராசின்னு தெருவுல பேசிகினானுங்க. எனக்கு நெஞ்சு பூரிச்சுது.

– கைராசி தான். போ, போய் வேலயப் பாரு.

– பக்கத்து வூட்டு பெர்சிஸு வாங்குதா?

– தெருவே வாங்குது.

– பெர்சிஸு வாங்குதான்னு கேட்டேன்.

– மாசமா கீற பொண்ணு. ரத்தம் கம்மியா கீது, கீரை துன்னுன்னு நர்சம்மா சொல்லிச்சாம். தெனம் ஒரு கட்டு எடுக்குது.

– தெனமுமா?

– கேக்கற பொண்ணுக்கு இல்லன்னா சொல்ல முடியும்?

– வவுத்துல கொயந்த சரியா அசையலன்னு அன்னிக்கு நம்ம வாசல்ல வந்து அயுதுச்சே. நீ தான தண்ணி குட்த்து ஒக்கார வெச்ச?

– எதுக்கும் எதுக்கும் முடிச்சு போடாதய்யா. எனக்கும் அம்மு அப்டி தான் கம்முனு கெடந்துச்சு. பொறக்கலயா?

– குப்பம்மா ஆடு ரெண்டும் இங்க தான மேஞ்சிகினு கெடந்துச்சு?

– அது எப்பவோ, நாம பாத்தி வெக்கறதுக்கு முன்னாடி.

– எப்டி செத்துச்சு?

– பிளாஸ்டிக்க துன்னுச்சு, செத்துச்சு. ஆடுன்னா சாவாதா? இன்னாய்யா போலீசுகாரன் மாரி கேட்டுகினே கீற?

– கெங்கா, இங்க பாரு. அந்தக் கத்திய குடு. இன்னியோட இது போதும். அறுத்தத எல்லாம் குயி தோண்டி பொதச்சிடலாம். அப்பால நேரா பெர்சிஸாண்ட போலாம்.

– போயி?

– சொல்லிடலாம்.

– பித்துக்குளி. சொன்னா இன்னா ஆவும் தெரியுமா? தெருவே தெரண்டு வந்து நம்ம வாசல்ல நிக்கும். உன் வேல பூடும். தென்ன மரம் ஏறக்கூட ஒர்த்தனும் கூப்பிட மாட்டான். அம்முவ இட்டுகினு எங்க போவ?

– அடிச்சா வாங்கிக்கலாம். கால்ல வுயலாம். தெரியாம செஞ்சிட்டோம்னு சொல்லலாம். மெய்யாலுமே நமக்குத் தெரியாது தான? தெரிஞ்சு யாராச்சும் இத்த செய்வானா?

– வெயிலு. தல சுத்துது.

– நிழல்ல ஒக்காரு. இப்டி வா. நான் யோசிச்சுகினே தான் வந்தேன் மே. ஜனங்க நம்மள நம்பும். ஏன்னா நாமளும் தான துன்னோம்? நம்ம கொயந்தைக்கும் தான ஊட்டுனோம்? வெசம்னு தெரிஞ்சா பெத்த புள்ளைக்கு எவளாச்சும் ஊட்டுவாளா? இத்த வுட இன்னா சாட்சி வேணும் அவங்களுக்கு?

– வூட்டுக்குப் போலாம் வா. அப்பால பேசிக்கலாம்.

– வூட்டுக்கு இல்ல, ஸ்கூலுக்குப் போறேன். அம்முவ இட்டுகினு பெர்சிஸையும் கூட்டிகினு நேரா பெரியாஸ்பத்திரிக்கு. ரத்தம் எடுத்துப் பாத்துடட்டும்.

– அம்முவ எதுக்கு?

– எதுக்காவா? இன்னா கேள்வி மே இது?

– அதுக்கு ஒண்ணும் இல்ல. பாவம், ஊசின்னா பயப்படும். பெர்சிஸ மட்டும் இட்டுகினு போ.

– நான் வெசம்ன்றேன், நீ ஊசின்ற. வாரத்துக்கு ரெண்டு தபா பருப்பு போட்டு கடஞ்சு அதுக்கு ஊட்டி வுட்டதே நீ தான? தட்ட வயிச்சி வயிச்சி துன்னுமே கெங்கா. எயுந்திரு, போலாம்.

– அம்மு வேணாம்னு சொல்றேன்ல.

– ஏன் வேணாம்?

– வேணாம்னா வேணாம். கைய வுடு.

– கீய பாக்காத. என் மூஞ்சப் பாத்து சொல்லு. ஏன் வேணாம்?

– இந்தக் கீரைய ஒரு நாளும் நான் நம்ம அடுப்புல ஏத்துனதில்லய்யா. நீங்க துன்னது எல்லாம், டோல்கேட்ல பூ வாங்கப் போறப்ப காசு குட்த்து வாங்கியாந்த கீரை.